புண்ணுக்குள் நடக்கும் பேச்சு

அன்புள்ள கயல்விழிக்கு,

பாட்டியின் கால் புண் ஆறவில்லை, மாத்திரையை மாற்றியும் கேட்கவில்லை, "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தாய். பழகியது பாட்டியின் உடம்பல்ல. புண்ணில் இருக்கும் பாக்டீரியா.

இது இன்று நேற்று தொடங்கியதல்ல. நீ ரயிலில் கடக்கும் தாம்பரம் சானடோரியம், 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த இடம். அன்று அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் கிருமி தப்பித்துக்கொள்கிறது என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. மருந்துக்குப் பெரும்பாலானவை சாகும். தற்செயலாகத் தாக்குப்பிடிக்கிற ஒன்றிரண்டு மிஞ்சிப் பெருகும்.

2010இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை நிறுவனத்தைச் சேர்ந்தவர். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே உடைத்துப்போடும் என்.டி.எம்.-1 நொதியைக் கொண்ட கிருமிகள், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தன. நொதியின் பெயரில் புதுதில்லி இருந்தது பெரிய சர்ச்சையானது. கிருமியைவிடப் பெயரைப் பற்றித்தான் நாட்டில் அதிகம் பேசினார்கள்!

கொல்லப் போனால் தப்பிக்கிறது. கொல்லாமலே அடக்க முடியாதா?

பாட்டியைப் போன்ற சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் குடியேறும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவை எடுத்துக்கொள். கட்டை அவிழ்க்கும்போது துணியில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் பெரும்பாலும் இதன் வேலைதான். கொஞ்சம் பேராக இருக்கும்வரை அது சாது. ஊர் கூடாமல் தேர் இழுக்காது. ஒவ்வொரு செல்லும் ஹோமோசெரின் லாக்டோன் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருகச் சுற்றிலும் அவற்றின் அடர்த்தி ஏறும். ஓர் அளவைத் தாண்டியதும், அந்த மூலக்கூறு செல்லுக்குள் இருக்கும் லாஸ்-ஆர் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வேலை மாறுகிறது. திசுவைக் கரைக்கும் எலாஸ்டேஸ் வருகிறது, நீலப்பச்சை நஞ்சான பயோசயனின் வருகிறது. பிசுபிசுப்பான பயோஃபிலிம் படலம் கெட்டிப்படுகிறது; அதற்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. இந்தப் பேச்சைக் குவோரம் சென்சிங் என்கிறார்கள். 1970இல் நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் இதை விளக்கியது நோய்க்கிருமியில் அல்ல, ஒளிவிடும் ஒரு கடல் பாக்டீரியாவில்.

பேச்சைக் கெடுத்தால்? காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் கருத்தபாண்டியன், வீர ரவி ஆகியோரின் குழு 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்றொரு பாக்டீரியா, தங்களுக்குள் பேசிக்கொண்டால்தான் ஊதா நிறம் காட்டும். அன்னாசி, வாழை, சப்போட்டா, துளசி ஆகியவற்றின் சாற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஊதா மங்கியது. சூடோமோனாஸிலும் எலாஸ்டேஸ், பயோசயனின், பயோஃபிலிம் எல்லாம் குறைந்தன. விலை உயர்ந்த கருவி இல்லாமல் கண்ணாலேயே பார்க்கக்கூடிய சோதனை என்பதால்தான் கல்லூரி ஆய்வகங்களுக்கு இந்த ஊதாக் கிருமியை அவ்வளவு பிடிக்கிறது.

அதற்காகத் துளசியை அரைத்துப் பாட்டியின் காலில் கட்டிவிடாதே. ஆய்வகத் தட்டு வேறு, இரத்த ஓட்டம் குறைந்த கால் வேறு.

வேறு சிக்கல்களும் உண்டு. நாட்பட்ட நோயில் லாஸ்-ஆர் பழுதான சூடோமோனாஸ் தானாகவே தோன்றுகிறது. கேட்கும் காதே இல்லாத கிருமியிடம் பேச்சைக் கெடுத்து என்ன பயன்? புண்ணின் இன்னொரு விருந்தாளி ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அது பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஆக்ர் அமைப்பை அடைத்தால் நஞ்சு குறையும். ஆனால் படலத்திலிருந்து செல்கள் பிரிந்துபோக உதவுவதும் அதே ஆக்ர்தான். ஆகவே படலம் இன்னும் தடித்துவிடலாம். தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் ஆட்லின் பிரின்சி சாலமன் குழு, அதே கிருமியின் சார்-ஏ என்ற வேறொரு புரதத்தைக் குறிவைத்து ஆராய்ந்திருக்கிறது. கொல்லாத மருந்துக்கு எதிர்ப்பு வளர்வது மெதுவாகும் என்பது நியாயமான நம்பிக்கை. வளரவே வளராது என்று சொல்வது விளம்பரம்.

புண்ணுக்கென ஒப்புதல் பெற்ற இத்தகைய மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. பாட்டிக்கு இப்போது வேண்டியவை பழைய விஷயங்கள்தான்: சர்க்கரைக் கட்டுப்பாடு, செத்த சதையை டாக்டர் வெட்டி எடுப்பது, ஒழுங்கான டிரெஸ்ஸிங், பாதத்தில் அழுத்தம் விழாத எம்.சி.ஆர். செருப்பு. அடுத்த முறை போகும்போது கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார். கிருமியின் பெயர் மேலே இருக்கும். கீழே ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே பெரும்பாலும் எஸ் அல்லது ஆர் என்ற எழுத்து. எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. பாட்டி இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளுக்கு நேரே எது இருக்கிறது என்று பார்த்து எழுது.