அடுத்த கார்டு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்த கையோடு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய சென்னை ரிச்சி தெருவுக்கு வரும் மாணவர்கள் பலர், கிராபிக்ஸ் கார்டின் பெயரை யூடியூபிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். கூட வரும் அப்பாவோ, "இருக்கறதுலயே லேட்டஸ்ட் எதுவோ அதக் குடுங்க" என்கிறார். என்ன வேலைக்கு என்ற பேச்சே வருவதில்லை.

கடையில் இருப்பதை வாங்கலாம், விலை குறைந்த முந்தைய தலைமுறைக் கார்டை எடுக்கலாம், செகண்ட் ஹேண்டில் தேடலாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீணாய்ப்போவது, வரப்போகும் கார்டின் வேகத்தையும் விலையையும் நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பது.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090-க்கு இணையான வேகம் தரும் என்றார். 4090 வெளிவந்தபோது விலை 1,599 டாலர். யாருக்குத்தான் ஆசை வராது? மார்ச்சில் கார்டு கைக்கு வந்தது. சோதித்துப் பார்த்தால் பல கேம்களில் பழைய 4070 சூப்பரின் பக்கத்தில்தான் நின்றது.

மேடையில் காட்டிய வேகம் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 என்ற ஏஐ நுட்பம் போட்ட கணக்கு. கார்டு வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே மூன்றை ஏஐ இட்டு நிரப்பும். நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எஃப்பிஎஸ் எண் எகிறும். மவுஸை அசைத்ததும் கேமில் துப்பாக்கி திரும்பும் வேகம் அதனால் கூடாது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்பவருக்கு அந்த ஃபிரேம்களால் காலணா பயனில்லை. உண்மை அன்றைக்கே விவரப் பட்டியலில் இருந்தது: 4090-இல் கணக்குப் போடும் கூடா கோர்கள் 16,384, 24 ஜிபி மெமரி, 5070-இல் 6,144 கோர்கள், 12 ஜிபி. வரப்போகும் கார்டை எடைபோட இந்த இரண்டு வரிகளைப் படித்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

விலையும் அப்படித்தான். அறிவிப்பு விலை அமெரிக்க வரி சேராதது. இங்கே 18% ஜிஎஸ்டி உண்டு. 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று வந்த ஆர்டிஎக்ஸ் 3080, கிரிப்டோ மைனிங் அலையில் அந்த விலைக்குச் சாமானியர் கையில் சிக்கவே இல்லை. 2022-இல் மைனிங் படுத்த பிறகு விலை இறங்கியது. அதற்குள் அடுத்த தலைமுறை வாசலுக்கு வந்துவிட்டது.

படிக்கிற பிள்ளைக்கு மெமரிதான் முக்கியம். 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி 379 டாலருக்கும், 16 ஜிபி 429 டாலருக்கும் வந்தன. பில் போடுமுன் பெட்டி மூலையில் இருக்கும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். சந்தேகமே இல்லாமல் 16. கேம் மட்டும் என்றால் ஏஎம்டி கார்டு தாராளமாகப் போதும். ஏஐ படிப்பவருக்கு என்விடியாவின் கூடா மென்பொருள் இல்லாமல் நாள் ஓட்டுவது பெரும்பாடு.

அதற்கு முன், பிள்ளைக்கு அந்த ஏஐ வேலை பிடிக்கிறதா என்று தெரிய வேண்டாமா? கூகுள் கோலாப் என்ற இணையச் சேவையில் 16 ஜிபி டி4 கார்டை, வரம்புக்குட்பட்டு, இலவசமாகவே பயன்படுத்தலாம். ஒரு செமஸ்டர் அதில் பொறுமையாக உழைத்தவருக்கு மெமரி எங்கே தீருகிறது, எது தேவை என்று கடைக்காரர் சொல்ல வேண்டியிருக்காது. பெற்றோர் அதுவரை பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கலாம்.