திரும்பி வருபவரையும் கணக்கில் எடும்

அன்புள்ள தங்கச்சி,

நெடுந்தீவில் காலநிலைத் திட்டம் ஒன்றுக்குக் கள உத்தியோகத்தராகப் பொறுப்பேற்றிருக்கிறீர் என்று அறிந்து மனம் நிறைந்தது. வெளிநாட்டு நிதி, மூன்று வருடத் தவணை, கையில் தடித்த திட்ட ஆவணம். "முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டு எழுதியிருந்தீர். ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: தீவகத்தில் எந்தத் திட்டத்தையும் இன்று அங்கே இருப்பவர்களின் தொகையை வைத்து மட்டும் அளக்காதேயும். போனவர் திரும்பி வந்து நிலைக்க முடியுமா என்று கேட்டு அளவும்.

ஏன் என்று சொல்கிறேன். 1990, 1991ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கைகளோடு வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு எல்லாம் அநேகமாக வெறிச்சோடின. சனம் குடாநாட்டுக்குப் போனது. 1995 இடப்பெயர்வில் அங்கிருந்தும் கிளம்பி வன்னிக்குப் போனது. வள்ளம் ஏறி இராமேசுவரம் போனவர்களும் உண்டு, பிரான்ஸ், சுவிஸ், கனடா என்று போனவர்களும் உண்டு. 1983இலிருந்து எண்ணினால் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டில் தஞ்சம் புகுந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேல். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டுச் சாசனத்தில் இந்தியா கையொப்பம் இடவில்லை. அப்படியிருந்தும் தமிழ்நாடு அரிசி தந்தது, பணக்கொடை தந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் அகதி முகாம் மக்களுக்கு 7,469 புதிய வீடுகள் உட்பட 317 கோடி இந்திய ரூபாய்த் திட்டத்தை அங்குள்ள அரசு அறிவித்தது. இன்னும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் அந்த முகாம்களில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊர்க் கிணற்றை ஒருநாளும் காணாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையும் அல்ல. 2022 மார்ச் 22ஆம் திகதி, பொருளாதார நெருக்கடி தாங்காமல், பதினாறு பேர் மறுபடி வள்ளம் ஏறித் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னாலும் பலர் போனார்கள். யுத்தம் முடிந்து பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு நடந்தது இது. ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு எழுப்ப ஷெல்தான் விழவேண்டும் என்றில்லை. அடுப்பு எரியாவிட்டாலும் கிணறு உவர்த்தாலும் போதும். அகதிகளுக்கு உதவுவது ஒரு திணைக்களம், காலநிலை வேலை இன்னொரு திணைக்களம் என்று கொழும்பில் பிரித்து வைக்கலாம். குறிகாட்டுவான் துறையில் தீவுக்குப் படகு ஏறிய பிறகு இரண்டும் ஒன்றுதான்.

இனி மின்சாரக் கதையைக் கேளும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு சேராமல் டீசல் ஜெனரேற்றரை நம்பியே இருந்து வந்தவை. இங்கே சூரியனையும் காற்றையும் கலந்து மின்சாரம் எடுக்கும் வேலையை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க 2021 ஜனவரியில் அமைச்சரவை அனுமதித்தது. தன் கரையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணம் காட்டி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே சீனத் தரப்பு வேலையை நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை, 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம். இந்தியாவின் நன்கொடை ஏறக்குறைய 1.1 கோடி டொலர். மூன்று தீவுக்கும் சேர்த்து சூரியசக்தி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், பற்றரியில் 2,400 கிலோவாற் மணி, கைகாவலுக்கு 2,500 கிலோவாற் டீசல்.

திட்டம் நல்ல திட்டம். சோளகம் வீசும் மாதங்களில் அந்தக் கடலைப் பார்த்த எவருக்கும் காற்று வீணாகப் போகிறதே என்ற கவலை வரும். ஆனால் முதல் அனுமதிக்கும் கடைசி ஒப்பந்தத்துக்கும் இடையில் மூன்று வருடங்கள் ஓடின. நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற 2022 அந்த மூன்று வருடத்துக்குள்தான் வந்தது. பெய்ஜிங், புதுடில்லி, கொழும்பு மூன்றும் பேசின. தீவுச் சனம் எந்த மேசையிலும் இருக்கவில்லை. அரசுகளுக்கு அரசுகளின் நியாயம் இருக்கும். அதை மாற்றுவது உம்முடைய வேலையல்ல. உம்முடைய திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் பணம், எப்போது முடியும், பழுதானால் யாரிடம் கேட்பது என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கடற்றொழிலாளர் சங்கத்திலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் வாசித்துக் காட்டுவது உம்முடைய வேலை. அதைச் செய்யாமல் ஒரு கம்பத்தையும் நடவேண்டாம்.

அடுத்தது தண்ணீர். நெடுந்தீவின் தரை சுண்ணாம்புக்கல். வாடை மழை பெய்து கல்லிடுக்கில் இறங்குகிற நன்னீர், கீழே உள்ள கடல்நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கும். ஆவணி மாதத்தில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் அரைநாள் நின்று பாரும். விடியப்புறம் வாளி போட்டு அள்ளும் தண்ணீரைக் குடிக்கலாம். மோட்டரை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, பிறகு அதே கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டால் நாக்கில் உப்புக் கரிக்கும். மேலிருந்த நன்னீர் குறையக் குறைய அடியிலுள்ள உவர் ஏறிவிடுகிறது. ஏறிய உவர் இறங்க ஒரு மாரி போதாமலும் போகலாம். அதனால் சூரியசக்தியில் ஓடும் இலவச நீர்ப்பம்பி என்று யாராவது திட்டத்தோடு வந்தால் உடனே கை தட்டாதேயும். வெயில் இலவசம் என்றால் நாள் முழுக்க இறைப்பார்கள். அந்தப் பம்பி கிணற்றைக் கொன்றுவிடும். அதே வெயில் மின்சாரத்தை உவரை நன்னீராக்கும் ஆர்.ஓ. ஆலைக்கும், மழைநீர்த் தொட்டிக்கும், தூர்ந்த கேணிகளைத் திருத்துவதற்கும் திருப்பினால் கிணறு பிழைக்கும். நன்கொடையாளருக்கு இதை விளங்கப்படுத்த நீர்தான் இருக்கிறீர்.

கேட்காமல் வரைந்த திட்டத்துக்கு என்ன ஆகும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே பாடம் உண்டு. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர ஆசிய அபிவிருத்தி வங்கியும் பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் நிதி கொடுத்தன. கிளிநொச்சி விவசாயிகள், தங்கள் வயலுக்கே போதாத தண்ணீர் என்று எதிர்த்து நின்றார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டவேண்டி வந்தது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரும் அந்த ஆலை 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. முதல் வருடம் கிளிநொச்சிக்குப் போய்க் கேட்டிருந்தால் பல வருடங்கள் மிஞ்சியிருக்கும்.

திரும்பி வருகிறவர்களிடம் வருகிறேன். முகாமிலிருந்து வருகிற பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. வயரிங், கணினி, தாதிமைப் பயிற்சி என்று ஏதாவது ஒரு தொழிலோடு வருகிறது. எஸ். சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் அகதிகளே அகதிகளுக்குப் படிப்பித்தார்கள்; 2004 சுனாமி வந்தபோது தமிழ்நாட்டுக் கரையில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாகவும் போய் நின்றார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு இங்கே பிறப்புப் பதிவும், குடியுரிமைப் பத்திரமும், இந்தியச் சான்றிதழுக்கு மதிப்பும் கிடைக்கப் படுகிற பாடு பெரிது. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகரகத்தின் உதவியோடு முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவரே, முன்பு அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைதானார். உம்முடைய திட்டத்தில் பற்றரி பார்க்கவும், ஆலையின் வடிகட்டி மாற்றவும் ஆட்களைப் பயிற்றும்போது, அந்தப் பெயர்ப்பட்டியலில் திரும்பி வந்தவர்களையும் சேரும். அவர்களுடைய பத்திரங்களுக்காகப் பிரதேச செயலகத்துக்கு ஒருதரம் கூடப் போய் வாரும். சோலர் தகட்டைவிட அது பெரிய உதவி.

ஆனால் வந்தவர்களுக்கு மட்டும் என்றும் செய்துவிடாதேயும். யுத்தம் முழுவதும் தீவை விட்டு அசையாமல் இருந்து, கடலை நம்பியே பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் நெடுந்தீவில் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்கு வந்தது தன் வீட்டுக்கு வரவில்லை என்றால் மனம் கசக்கும். உலகம் இதைக் கற்றுக்கொண்ட இடங்கள் உண்டு. ஜோர்தானின் சாதரி முகாமில், ஏறக்குறைய 80,000 சிரிய அகதிகளுக்காக, ஜேர்மனியின் நிதியில் 2017இல் 12.9 மெகாவாற் சூரியசக்தி நிலையம் அமைந்தது. அங்கே மிஞ்சும் மின்சாரம் ஜோர்தானின் மின்வலைக்குப் போகிறது. வங்காளதேசத்தின் கொக்ஸ் பஜாரில், றோகிங்யா அகதிகள் விறகுக்குக் காடு வெட்டுவதைத் தடுக்க 2018இலிருந்து காஸ் அடுப்புக் கொடுத்தபோது, அயலிலுள்ள வங்காளக் குடும்பங்களுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே பந்தியில் இருந்தால்தான் உதவி நிலைக்கும்.

அந்தப் பந்தியின் அருமை நம் சனத்துக்குத் தெரியும். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட றோகிங்யா மக்கள் ஒரு படகில் முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தபோது, முல்லைத்தீவுச் சனம்தான் முதலில் சாப்பாடு கொண்டு ஓடியது. தமிழ்நாட்டுக் கரை ஒருநாள் நமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்தோம். இந்த நன்றியுணர்வு உம்முடைய வேலையிலும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சொல். உப்புக் காற்றில் இரும்பு ஆணி இரண்டு மாரிக்குள் துருப்பிடித்துவிடும்; திட்டக் காலமோ மூன்று வருடம். பெயர்ப்பலகை பளபளக்க, இயந்திரம் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை நானும் கண்டிருக்கிறேன். ஆகவே முன்மொழிவு எழுதும்போது இரண்டு வரியைக் கட்டாயம் சேரும்: ஐந்தாம் வருடத்தில் இதைத் திருத்துபவர் யார், அதற்கான காசு எந்தக் கணக்கில் இருக்கிறது. நன்கொடையாளர் சம்மதிக்காவிட்டால் வாதாடும். வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கங்கள் கோயில் மதிலுக்குத் தருகிற காசில் ஒரு பங்கை இதற்குத் தரச் சொல்லிக் கேளும், கேட்டால் தருவார்கள். அந்த இரண்டு வரிக்கும் பதில் இல்லாத திட்டத்தில் உம்முடைய கையெழுத்தைப் போடாதேயும்.

அன்புடன்,
உம்முடைய அண்ணன்