யாரை உள்ளே விட்டுவிட்டு வென்றோம்?

அன்புள்ள தம்பிக்கு,

சட்டப் படிப்பை முடித்த கையோடு நியூ ஆர்லியன்ஸ் போகிறாய் என்று அறிந்தேன். சிறைக்குப் போய்வந்தவர்களே தொடங்கி, அவர்களே நடத்தும் ஓர் அமைப்பில் வேலை. மகிழ்ச்சி. சிறை ஒழிப்பைப் பற்றி நீ அனுப்பிய நீண்ட மடலில் கோபம் இருக்கிறது, கொள்கைத் தெளிவும் இருக்கிறது. அன்றாட வேலை எப்படி நடக்கும் என்பது மட்டும் அதில் இல்லை. உன்னைப் போல இந்தப் பணிக்கு வருகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அங்கோலாவைத் தெரிந்துகொள். அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சிறைக்கு வழங்கும் பெயர் அது. மிசிசிப்பி ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட 18,000 ஏக்கர் நிலம். ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டம். இன்றும் கைதிகள் வயலில் இறங்குகிறார்கள். கூலி மணிக்குச் சில சென்ட். லூசியானாவில் ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை என்றே பொருள், பரோல் கிடையாது. சிறை வளாகத்துக்குள்ளேயே கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

நீ சேரப்போகும் மரபு அங்கேதான் பிறந்தது. நார்ரிஸ் ஹென்டர்சன் 27 ஆண்டுகளுக்கு மேல் அங்கோலாவில் இருந்தவர். உள்ளேயே சட்டம் கற்று, சக கைதிகளுக்கு மனு எழுதிக்கொடுத்தவர். 1980களில் அவரும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். தங்களுக்கு வாக்கு இல்லை; ஆனால் அம்மாவுக்கு, அக்காவுக்கு, மனைவிக்கு, வளர்ந்த பிள்ளைகளுக்கு இருக்கிறது. குடும்பங்களை வாக்காளர்களாகத் திரட்டினால் சட்டமன்றம் காது கொடுக்கும் என்று கண்டார்கள். விடுதலையான பின் அவர் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய 'வோட்' என்ற அமைப்புக்கு வித்து அந்தக் கணக்குதான். ஆகவே மக்களைத் திரட்டுவது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறோம் என்ற நினைப்பை விமான நிலையத்திலேயே விட்டுவிடு.

தொடக்கத்தில் கேட்ட வேலையைச் செய். நீதிமன்றத்துக்குக் கார் ஓட்டு, மனுவைத் தட்டச்சு செய், கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுது. நிருபர் உன்னைத் தேடி வந்தால் தொலைபேசியை அவர்களிடம் கொடு. ஆர்ப்பாட்டத்துக்குத் திட்டமிடும்போது ஒன்றை மறக்காதே. கைதானால் உனக்கு ஓர் இரவு போகும். பரோலில் இருப்பவர் பழைய அறைக்கே திரும்பிப் போக நேரலாம். யார் முன்வரிசையில் நிற்பது என்பதை முதல் நாளே பேசி முடி.

இன்னொன்று. போய்வந்தவர்களை மேடைக்கு மேடை அழைத்துத் துயரக் கதை சொல்லவைத்துவிட்டு, வரவு செலவையும் முடிவுகளையும் படித்தவர்கள் வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பணியில் உண்டு. அதற்குத் துணை போகாதே. போய்வந்தவர் என்பதற்காக எல்லாரும் ஒரே குரலில் பேசவும் மாட்டார்கள். சிறையே கூடாது என்பாரும் இருப்பார்கள், நல்ல சிறை வேண்டும் என்பாரும் இருப்பார்கள். அந்தச் சண்டைகளை நீ தீர்த்துவைக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து கேள்.

எந்தக் கோரிக்கையை எடுப்பது என்று குழம்பும்போது நியூ ஆர்லியன்ஸ் நகரச் சிறையின் கதை உதவும். 2005இல் கத்ரினா புயலின்போது, நீர் ஏறிக்கொண்டிருந்த அறைகளில் கைதிகளைக் கைவிட்டுப் போனார்கள். புயலுக்கு முன் அங்கே 6,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். புதிதாகக் கட்டும்போதும் ஏறக்குறைய அதே அளவு வேண்டும் என்றார் ஷெரிஃப். சிறைச் சீர்திருத்தக் கூட்டணியினர் நகரசபையில் போய் உட்கார்ந்தார்கள். இத்தனை பேரை ஏன் அடைக்க வேண்டும் என்ற கேள்வியை விடாமல் கேட்டார்கள். 2011இல் நகரசபை 1,438 படுக்கைகளுக்கு மட்டுமே அனுமதி தந்தது. ஒழிப்பு என்ற பெரிய கொள்கை, நடைமுறையில் படுக்கை எண்ணிக்கையாக இறங்கிவந்தது இப்படித்தான்.

கதை அதோடு முடியவில்லை. பின்னர் மனநோயுள்ள கைதிகளின் சிகிச்சைக்கென்று 89 படுக்கைகளுடன் இன்னொரு கட்டடத்துக்குத் திட்டம் வந்தது. நகர நிர்வாகமே பின்வாங்கப் பார்த்தும் கூட்டாட்சி நீதிமன்றம் கட்டச் சொன்னது. சிகிச்சை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சிகிச்சையை ஏன் சிறைக்குள் கட்ட வேண்டும் என்று கேட்டவர்கள் போய்வந்தவர்களும் அவர்கள் கூட்டாளிகளும்தான். நல்ல பெயரோடு வரும் திட்டங்களிடம் நீயும் கேள்: இது முடிந்தபின் உள்ளே இருப்பவர்கள் கூடுவார்களா, குறைவார்களா?

சட்ட வாசகத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படி. சிறையில் கட்டாய உழைப்பைத் தடை செய்வதாகச் சொல்லி 2022இல் லூசியானாவில் ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. வழியில் வாசகம் குழம்பிப்போய், தடைக்குப் பதில் வழிவிடுவதாகவே படிக்கலாம் என்ற நிலை. கொண்டுவந்த உறுப்பினரே எதிர்த்து வாக்களிக்கச் சொன்னார். தோற்றது. உன் சட்டப் படிப்புக்கு வேலை இருக்கும் இடம் இதுதான்.

இனி வெற்றிகளுக்கு வருகிறேன். லூசியானாவில் 12 ஜூரிகளில் 10 பேர் குற்றவாளி என்று சொன்னாலே ஒருவரை ஆயுளுக்கும் சிறையில் போடலாம் என்று விதி இருந்தது. 1898 மாநாட்டில், கறுப்பின ஜூரிகளின் குரல் எடுபடாமல் போகவேண்டும் என்றே வகுத்த விதியின் வாரிசு அது. அங்கோலாவிலேயே சட்டம் கற்ற கால்வின் டங்கன் என்பவர், அந்த விதியை எதிர்க்கும் மனுக்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளத் தள்ள மீண்டும் தயாரித்தார். 2018இல் ஹென்டர்சன் தலைமையில் நடந்த பிரசாரத்தில் இடதுசாரிகளும் பழமைவாதிகளும் ஒரே பக்கம் நின்றார்கள். ஏறத்தாழ 64 சதவீத வாக்கில் விதி விழுந்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அத்தகைய தீர்ப்புகள் செல்லாது என்றது. அந்த வழக்கில் 10-க்கு 2 என்று தண்டனை பெற்றிருந்தவர், மறுவிசாரணையில் ஒருமனதாக விடுதலையானார்.

பழைய வழக்குகளோ? 2021இல் உச்ச நீதிமன்றமும், அடுத்த ஆண்டு மாநில உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பு முன்தேதியிட்டுப் பொருந்தாது என்றுவிட்டன. செல்லாத விதியால் உள்ளே போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

ஃபுளோரிடாவையும் பார். தண்டனை முடித்த ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு வாக்குரிமை மீட்கும் திருத்தம் 2018இல் வென்றது. முன்னின்றவர் சிறை சென்று வந்த டெஸ்மண்ட் மீட். கொலை, பாலியல் குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்கள் திருத்தத்திலேயே விலக்கப்பட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே, அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடித்தால்தான் வாக்கு என்று மாநிலம் சட்டம் போட்டது. ஏழைகள் மறுபடி வெளியே நின்றார்கள்.

வெல்ல வேண்டுமென்றால் சில வேளை பேரம் பேசத்தான் வேண்டும். நான் அதைக் குறைசொல்லவில்லை. பேரத்தில் யாரை விடுகிறோம் என்று தெரிந்தே விட வேண்டும். மறுநாள் அவர்களுக்காகத் திரும்பி வர வேண்டும். வெளியே இருக்கும் நமக்கு அவர்கள் எண்ணிக்கை. உள்ளேயிருந்து வந்தவருக்கு அவர்கள் பக்கத்து அறைக்காரர், கூடப் பந்து விளையாடியவர், மனு எழுதித் தந்த குரு. தலைமை அவர்களிடம் இருக்கவேண்டும் என்பதற்கு அனுதாபம் காரணமில்லை. விடுபட்டவர்களை மறக்க முடியாதவர்கள் அவர்கள்.

ஏதாவது ஒரு கூட்டத்தில் கொலையுண்டவரின் தாய் எழுந்து, என் மகனுக்கு என்ன பதில் என்று கேட்பாள். கோட்பாடு பேசி நழுவாதே. அவளுக்கு உண்மை தெரியவேண்டும், வைத்தியச் செலவுக்கும் வாடகைக்கும் உதவி வேண்டும், அடுத்த வீட்டுப் பையன் சாகாமல் இருக்க வேண்டும். தண்டனை ஆண்டுகளைக் கூட்டுவது இதில் எதைத் தந்தது என்று அவளோடு சேர்ந்தே யோசி. அவளுடைய இன்னொரு பிள்ளை அங்கோலாவில் இருக்கவும் கூடும். அவளுக்குப் பதில் சொல்லாத ஒழிப்பு இயக்கம் நிலைக்காது.

ஒவ்வொரு வெற்றிக்கூட்டம் முடிந்ததும், இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தாது என்று ஒரு பட்டியல் எழுது. அடுத்த வேலை அங்கே தொடங்கட்டும். போய் வா தம்பி, நன்றாகச் செய்.

அன்புடன்,
உன் அண்ணன்