திரும்பி வரவேண்டிய புட்டி

என் விடுதி அறையின் சன்னல் விளிம்பில் பதினொரு சோடாப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் கண்டு, "என்ன ஐயா, கடை வைக்கப் போகிறீரா?" என்று கேட்காத நண்பர் நம் சங்கத்தில் இல்லை. அவர்கள் விளையாட்டாகக் கேட்டது வினையாயிற்று. இனி இக்கட்டுரையைப் படித்தே தீரவேண்டும்!

நம் ஊரில் கோலி சோடா என்பதை இங்குத் தில்லியில் பண்டா என்கிறார்கள். பஞ்சாபியில் பண்டா என்றாலும் கோலிதான். எலுமிச்சைச் சாறும் கறுப்பு உப்பும் சேர்ப்பார்கள். மற்றபடி புட்டி அதே புட்டி. அதன் கழுத்து ஏன் அவ்வாறு நெளிந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி கரியமில வாயுவை நீரில் கரைத்துக் காட்டினார். கரைப்பது எளிது, காப்பதன்றோ அரிது! புட்டியைத் தக்கையால் அடைத்தார்கள். தக்கை உலர்ந்தால் சுருங்கும். சுருங்கினால் வாயு ஓடிவிடும். அதற்காக அடிப்பாகம் முட்டைபோல் கூர்ந்த புட்டிகளைச் செய்தார்கள். நிற்கத் தெரியாத புட்டி! எப்போதும் படுத்தே கிடப்பதால் உள்ளிருக்கும் நீர் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கும்.

1870களின் தொடக்கத்தில் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் தக்கையையே ஒழித்தார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயின் உட்புறம் ஓர் இரப்பர் வளையம், அவ்வளவுதான். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பினால் கோலி வாய்ப்பக்கம் விழும்; உள்ளே அடைபட்ட வாயு அதை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தப்பியோட முயலும் வாயுவே கதவையும் சாத்துகிறது! கழுத்தின் கீழே இடுப்புபோல் ஒடுங்கியிருப்பது, கோலி வயிற்றுக்குள் விழாமலிருக்க. ஒரு பக்கம் உள்ள இரண்டு பள்ளங்கள், சாய்க்கும்போது கோலி உருண்டு வாயை மீண்டும் அடைத்துவிடாமல் தடுக்க. அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு சாய்க்கவேண்டும். இதை அறியாமல் நம் விடுதியில் ஒருவர் மாற்றிச் சாய்த்துவிட்டு, கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்ததை நானே கண்டேன்.

சேகரிக்க விரும்புவோர்க்கு என் அறியாமையும் பயன்படட்டும். 1903இல் அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் தானாகவே புட்டி செய்யும் எந்திரத்தைக் கண்டார். அத்தகைய எந்திரத்தில் செய்த புட்டியில், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு வாயின் விளிம்புவரை ஓடும். வாயைக் கையால் முடித்த பழம்புட்டியில் அக்கோடு விளிம்புக்குக் கீழேயே மறைந்துவிடும். இந்த ஒரு விதியைப் படித்துவிட்டு, பழைய சாமான் கடையொன்றில் முந்நூறு ரூபாய் கொடுத்து, நூறாண்டுப் பழமையென்று ஒரு கோலிப் புட்டியை வாங்கினேன். கோலியை உள்ளே போட்ட பிறகுதானே வாயை ஒடுக்க முடியும்? வாய்ப்பக்கத்தில் கோடு மறைவது அதன் பிறவிக்குணம், வயதுக்குச் சான்றன்று. இது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. விளங்கியபோது முந்நூறு ரூபாய் போய்விட்டது.

1892இல் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்ட்டர் பல்வைத்த தகர மூடிக்கு உரிமம் பெற்றார். அந்த மூடி வந்ததும் பல நாடுகளில் கோலிப் புட்டி மெல்ல மறைந்தது. கோலிக்காகவே சிறுவர் உடைத்தவையும் பல. இங்கு அது நிலைத்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. தகர மூடியை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கவேண்டும். கோலியோ புட்டியோடு பிறந்த மூடி. புட்டி திரும்பி வந்தால் போதும், சிறுகடை நடக்கும், வராவிட்டால் நடக்காது.

எங்கள் தாத்தா சந்தைப்பேட்டையில் சோடாக் கடை வைத்திருந்தார். இரவில் கல்லாவை எண்ணுமுன் புட்டிகளை எண்ணுவார். கண்ணாடியிலேயே கடைப்பெயர் புடைத்திருக்கும். அதை நான் அழகுக்கென்று எண்ணியிருந்தேன். வழிதவறிய புட்டி வீடு சேர்வதற்கான முகவரி அது. கடை மூடியபின் எல்லாம் நிறுத்துப் போட்டாயிற்று. ஒன்று மட்டும் என் சன்னலில் இருக்கிறது.

சென்ற வாரம் பண்டா வண்டிக்காரரிடம் இன்னொரு புட்டி கேட்டேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "முன்னே நாலு எடுத்துப் போனது நீதானே, தம்பி?" என்றார். "முன்பணம் கொடுத்தேனே" என்றேன். "அது புட்டிக்கு விலையில்லை. திரும்பி வரும் என்பதற்கு ஈடு. நீ வைத்துக்கொண்டால் நான் எதில் நிரப்புவேன்?" என்று இந்தியில் கேட்டார். தாத்தா கேட்டதுபோலவே இருந்தது.

நான்கையும் கழுவித் துடைத்துவிட்டேன். சனிக்கிழமை மாலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எஞ்சும் ஏழையும் பார்க்க விரும்பும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். தாத்தாவின் புட்டியை மட்டும் நானே கையில் எடுத்துக் காட்டுவேன்.