வெட்டப்பட்ட கடைசிக் காட்சி

கேள்வி: வாட்ஸ்அப்பில் எழுத்தில் வரும் வதந்திகளை நான் நம்புவதில்லை. ஆனால் வீடியோவே வருகிறதே! கண்ணால் பார்ப்பதையுமா சந்தேகப்பட வேண்டும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஆமாம், சந்தேகப்பட்டுத்தான் ஆக வேண்டும். 2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவைச் சொல்கிறேன். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் வந்த இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தவர் வயிறு கலங்கும். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். கடைசியில் அதே பைக் திரும்பி வரும். சிறுவனை இறக்கிவிட்டு, பெற்றோரை எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவார்கள். அந்தச் சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். கூடவே, 'நம் ஊருக்குள் பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள்' என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. மிச்சமிருந்த காட்சியில் ஒன்றைக்கூட யாரும் மாற்றவில்லை. முடிவும் ஊரும் போனதே போதும், எச்சரிக்கைப் படம் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஊரே திரண்டு அடித்ததில் இறந்துபோனார். மிட்டாய் கொடுப்பது நம்மூரில் என்றைக்கு அம்மா குற்றமானது? வதந்தி ஊறிய மனசு அன்பையும் அப்படித்தான் பார்க்கும்.

இரண்டே மாதத்தில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது வேகத்தைத்தான் குறைக்கும். எந்த ஊர், எந்த ஆண்டு, முழு வீடியோ எங்கே என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.