‘மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று இனிமேல் சொல்லாதீர்கள்

“இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை முழுக்க கம்ப்யூட்டர் மெஷினில்தான். டியூபை வைத்தால் போதும், அதுவே சொல்லிவிடும். தப்பு வரவே வராது.”

நோயாளியுடன் வரும் சொந்தக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். புதுக் கருவி வாங்கிக் கொடுத்த நிர்வாகிகள் சொல்கிறார்கள். மருத்துவர்கள் சிலரும் சொல்கிறார்கள். அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் தர உறுதிப் பணியை ஒருங்கிணைக்கும் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வருகிறது. இதை நம்பித்தான் தரக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கிய பணத்தை வெட்டுகிறார்கள். இதை நம்பித்தான் சந்தேகத்துக்குரிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருந்தின் அளவை மாற்றுகிறார்கள்.

டியூபில் என்ன இருக்கிறதோ அதை அளப்பது மட்டும்தான் மெஷினின் வேலை. அது யாருடைய ரத்தம், டிரிப் ஏறும் கையில் எடுத்ததா, எத்தனை மணி நேரம் வார்டு மேஜையில் கிடந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இத்தாலியின் படுவா நகர மருத்துவமனை ஆய்வகத்தில் நடந்த பிழைகளை பிளெபானி, கராரோ என்ற இருவர் கணக்கெடுத்து 1997இல் வெளியிட்டார்கள். 68.2 சதவீதப் பிழைகள் சாம்பிள் மெஷினுக்குள் போகும் முன்பே நடந்தவை. மெஷினில் அளக்கும்போது நடந்தவை 13.3 சதவீதம். சுமார் பத்து ஆண்டுகள் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடியும் கணக்கெடுத்தபோது முதல் வகை 61.9 சதவீதமாக இருந்தது. எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும் பெரும்பங்குப் பிழை கருவிக்கு வெளியேதான் நடக்கிறது.

பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் ரத்தம் எடுப்பவர் ஊதா மூடி டியூபை முதலில் நிரப்பிவிடுகிறார். சிவப்பு மூடி டியூபுக்கு ரத்தம் போதவில்லை. ஊதாவிலிருந்து கொஞ்சம் எடுத்து சிவப்பில் சேர்த்துவிடுகிறார். ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருப்பது இடிடிஏயின் பொட்டாசியம் உப்பு. அது சிவப்பு டியூபுக்குப் போனால் பொட்டாசியம் ஏறும். கால்சியத்தை இடிடிஏ கட்டிப்போட்டுவிடுவதால் கால்சியம் இறங்கும். நிறையக் கலந்துவிட்டால் உயிரோடு இருக்கும் எவருக்கும் வர முடியாத எண்கள் வரும், அதனால் நாங்கள் பிடித்துவிடுவோம். துளி கலந்தால்தான் ஆபத்து. 4.2 இருக்கவேண்டிய பொட்டாசியம் 5.9 என்று வரும், கால்சியம் லேசாகக் குறையும், பார்த்தால் நிஜம் போலவே இருக்கும். மெஷின் அதை இம்மி பிசகாமல்தான் அளந்திருக்கும். ஆனால் அந்த எண்ணுக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் சம்பந்தமில்லை.

கலப்படமே இல்லாமலும் இது நடக்கும். சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல். சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ஊசியோடு அழுத்தி டியூபுக்குள் பீய்ச்சினால் அணுக்கள் உடைந்து எல்லாம் வெளியே கொட்டும். ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்கச் சொல்வது, சீரம் பிரிக்காத ரத்தத்தை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பது, இரண்டுமே பொட்டாசியத்தை ஏற்றும். சர்க்கரை நேர்மாறு. சாதாரண டியூபில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருப்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலை ஏழு மணிக்கு எடுத்து பதினொரு மணிக்கு ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு “மெஷின் சரியில்லை” என்று போன் செய்பவர்களிடம் என்ன பேசுவது?

நீல மூடி டியூபில் அலட்சியம் இன்னும் மோசம். செயற்கை இதய வால்வு வைத்துக்கொண்டு ரத்தம் கட்டாமல் இருக்க வாஃபரின் சாப்பிடுபவருக்கு, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்கும் டியூப் அது. 9 பங்கு ரத்தத்துக்கு உறைவதைத் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு என்று கணக்கிட்டுச் செய்தது. கோடு வரை நிரப்பாமல் பாதியில் நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறைய அதிக நேரம் எடுப்பதாகக் காட்டும். ஐஎன்ஆர் கூடிவிட்டது என்று மருந்தைக் குறைப்பார்கள். வால்வில் ரத்தம் கட்டும். அதனால்தான் குறைவாக நிரப்பிய நீல டியூபை நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். “லேப்காரர்களுக்கு வேறு வேலை இல்லை” என்று வார்டில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. விழட்டும்.

மெஷினும் நிலையாக நிற்பதில்லை. விளக்கு தேயும், ரியேஜென்ட் லாட் மாறும், காலிபரேஷன் நகரும். கடைத் தராசில் முத்திரைக் கல்லை வைத்துப் பார்ப்பது போல, நோயாளியின் சாம்பிளுக்கு முன்னால் அளவு தெரிந்த கன்ட்ரோலை ஓட்டி, புள்ளியைச் சார்ட்டில் வைக்கிறோம். லெவியும் ஜென்னிங்ஸும் 1950இல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த சார்ட் அது. அதை வாசிக்கும் விதிகளை வெஸ்ட்கார்ட் குழு 1981இல் வகுத்துக் கொடுத்தது. தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும், கருவி ஒருபக்கமாகச் சாய்கிறது என்று அர்த்தம். சார்ட்டைப் பார்க்க ஆள் இருந்தால்தான் இது கண்ணில் படும்.

டெக்னீஷியன்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே போனால், உள்ளே விழும் வரை திரும்பத் திரும்ப ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். சராசரியிலிருந்து இரண்டு எஸ்டிக்கு (திட்ட விலக்கம்) வெளியே நூற்றில் நாலைந்து புள்ளிகள் தற்செயலாகவே விழும், சரி. மூன்று எஸ்டிக்கு வெளியே போவது ஆயிரத்தில் மூன்றுதான். காரணம் தேடாமல் மறுபடி ஓட்டி ‘ஓகே’ போடுவது ஏமாற்று வேலை. ஆய்வகங்களைச் சோதிக்க வேலூர் சிஎம்சி நடத்தும் வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்திலிருந்து வரும் சாம்பிளுக்குத் தனி மரியாதை செய்வதும், பக்கத்து லேபுக்கு போன் போட்டு “உங்களுக்கு எவ்வளவு வந்தது?” என்று கேட்பதும் அதே ரகம்தான். நோயாளி சாம்பிளை ஓட்டுகிற மாதிரியே அதையும் ஓட்டாவிட்டால், அதற்குக் கட்டணம் கட்டுவதே வீண்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. இரண்டு லேபில் இரண்டு எண் வந்தால் ஒன்று மோசடி என்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரிடத்தில் 98, இன்னோரிடத்தில் 103 என்றால் அது ஒரே ரிசல்ட்தான், பதற வேண்டாம். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்தாலே நோய் என்பதும் தவறு. ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை உள்ளடக்கித்தான் ரிப்போர்ட்டில் இருக்கும் இயல்பு எல்லையை வகுக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டும் வாய்ப்பு 64 சதவீதம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பொட்டலங்களை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரை இருந்தால் அங்கே செய்யும் எல்லா டெஸ்டும் அங்கீகாரம் பெற்றவை என்றும் நினைக்காதீர்கள். சான்றிதழோடு சேர்ந்த பட்டியலில் இருப்பவை மட்டும்தான்.

முடி வளர்வதற்கான மாத்திரையால் ரத்தப் பரிசோதனைக்கு ஒன்றும் ஆகாது என்பவர்கள் கவனிக்கவும். பயோட்டினின் தினத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் விற்கும் மாத்திரையில் 5, 10 மில்லிகிராம் வரை இருக்கிறது. பயோட்டின் பிணைப்பை வைத்து வேலை செய்யும் கருவிகளில் டிஎஸ்எச் பொய்யாக இறங்கி, டி4 பொய்யாக ஏறி, இல்லாத தைராய்டு நோயைக் காட்டும். மாரடைப்புக்கு எடுக்கும் ட்ரோபோனின்கூடப் பொய்யாகக் குறையலாம். அமெரிக்காவின் எஃப்டிஏ 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. சாப்பிடும் மாத்திரையை ரத்தம் எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெயர் விஷயமும் இருக்கிறது. ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருந்தால், நேற்று 72 இருந்த எம்சிவி இன்று 91 என்று வரும். ரத்தம் ஏற்றாமல் ஒரே நாளில் சிவப்பணுவின் அளவு அப்படி மாறாது, டியூப் மாறியிருக்கிறது. பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் இது தெரியும்.

அந்த ஒருவரைத்தான் பெரும்பாலான மருத்துவமனைகள் நியமிப்பதில்லை. மூத்த டெக்னீஷியன் கையில், அவருடைய வழக்கமான வேலைகளுக்கு மேல், இன்ஸ்பெக்ஷனுக்குச் சில வாரம் முன்னால் ஒரு ஃபைலைத் திணிக்கிறார்கள். அவர் ராத்திரி உட்கார்ந்து பழைய தேதிக்குக் கையெழுத்து போடுகிறார். ஐஎஸ்ஓ 15189 தரநிலை சாம்பிள் எடுப்பது, அளப்பது, ரிப்போர்ட் கொடுப்பது என்று மூன்று கட்டத்துக்கும் விதி வைத்திருக்கிறது. ஆய்வகத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கும் ஆள் முதல் கட்டத்தை எப்படிப் பார்ப்பார்? தர ஒருங்கிணைப்பாளருக்கு முழுநேரப் பணியிடம் வேண்டும். வார்டுக்குள் போய், ரத்தம் எடுக்கும் செவிலியர்களுக்கும் டியூப் தூக்கி வரும் ஊழியர்களுக்கும் ஷிஃப்ட் வாரியாகச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் வேண்டும். கன்ட்ரோல் சரியில்லாத டெஸ்டின் ரிப்போர்ட்டை, மேனேஜரைக் கேட்காமல் அன்றைக்கே நிறுத்திவைக்கும் அதிகாரமும் அவருக்கு எழுத்தில் வேண்டும். அடுத்த மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இந்த நியமன உத்தரவில் கையெழுத்துப் போடுங்கள்.