நீதிமன்றச் சொற்களைப் பொருளறிந்து கொள்வோம்

நீதிமன்றப் படியேறும் நம் தோட்டப்புற மக்களுள் சிலர், அங்கு வழங்கும் சொற்களின் பொருளறியாமையால் தம் உரிமையை இழந்துவிடுகின்றனர். விளங்காத ஒரு கேள்விக்குத் தலையசைப்பது சிறைவாசத்தில் முடியலாம். ஆகவே, குற்றவியல் வழக்கு நடைபெறும் முறையையொட்டிச் சில சொற்களை இங்குக் காண்போம்.

குற்றச்சாட்டு: இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன சட்டப்பிரிவின்கீழ்க் குற்றம் புரிந்தார் எனக் கூறுவது. இதனை நீதிமன்றத்தில் வாசித்து விளக்குவர். இந்நிலையில் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே, குற்றவாளி அல்லர்.

ஒப்புக்கொள்ளலும் விசாரணை கோரலும்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் சாட்சி விசாரணையின்றியே தண்டனை விதிக்கப்படலாம். அதன் தன்மையையும் விளைவையும் அவர் உணர்ந்துள்ளாரா என நீதிமன்றம் முதலில் உறுதிசெய்ய வேண்டும். மறுப்பவர் விசாரணை கோரலாம். 'வழக்கு விரைவில் முடிந்தால் போதும்' என்றெண்ணிச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது பெருந்தவறு. மொழி விளங்காவிடில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்கலாகாது. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி அளிக்கிறது.

முகாந்திரம்: அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், வழக்கிற்குப் போதிய அடிப்படை உண்டா என நீதிபதி ஆராய்வார். இல்லையெனில் விடுதலை. உண்டெனில் தற்காப்பு வாதத்திற்கு அழைப்பார். அழைத்ததனாலேயே குற்றம் உறுதியாகிவிட்டதாகப் பொருளன்று.

நியாயமான ஐயத்திற்கு அப்பால்: குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. நியாயமான ஐயம் எஞ்சி நின்றால், அதன் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே உரியது.

ஜூரி: பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்படும் நடுவர் குழு. தீபகற்ப மலேசியாவில் முன்பு கொலை வழக்குகளை உயர் நீதிமன்ற நீதிபதியுடன் எழுவர் ஜூரிகளாக அமர்ந்து கேட்டனர். நீதிபதி சட்டத்தை விளக்குவார். ஜூரிகள் தனியறையில் கலந்தாய்ந்து, நிகழ்ந்தது யாதெனத் தீர்மானிப்பர். எழுவரும் உடன்படாவிடில் ஐவரேனும் ஒருமுகமாயிருத்தல் வேண்டும். இம்முறை 1995-இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் இதனை ஒழிக்கும் சட்டம் 1969-இலேயே நிறைவேறியது. இன்று இரு நாடுகளிலும் நீதிபதிகளே தீர்ப்பளிக்கின்றனர்.

விடுதலையும் விடுவிப்பும்: குற்றமற்றவரென முழுமையாக விடுதலை பெற்றவர்மீது அதே குற்றத்திற்காக மீண்டும் வழக்குத் தொடர இயலாது. 'விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு' வேறு. அதனைப் பெற்றவர்மீது பின்னர் மீண்டும் குற்றஞ்சாட்டலாம். எனவே, வழக்கு முடிந்ததும் இவ்விரண்டில் எது கிடைத்தது எனத் தெளிவாகக் கேட்டறிதல் நன்று.

மேல்முறையீடு: தீர்ப்பில் மனநிறைவு இல்லாதவர் மேல் நீதிமன்றத்தை நாடுவது. இதற்கான அறிவிப்பை, தீர்ப்பளிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் மலேசிய நீதிமன்றத்தில் அளித்தல் வேண்டும். நாள் கடத்துவது வாய்ப்பை இழக்கச் செய்யும்.

இச்சொற்களை இல்லத்தாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்போம். பொருள் விளங்காத தாளில் கையொப்பமிடாமலும், பொருள் விளங்காத கேள்விக்கு விடை கூறாமலும் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

பயிற்சி வினாக்கள்:
1. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் குற்றவாளிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தற்காப்பு வாதத்திற்கு அழைக்கப்படுவதன் பொருள் என்ன?
3. முழு விடுதலை பெற்றவர்மீது அதே குற்றத்திற்காக மீண்டும் வழக்குத் தொடரலாமா?